செம்பனைப் பருப்பில் எண்ணெய் பிழிதல்: எந்திர இயக்க நிலைகளும் அவற்றின் விளைவுகளும்

எண்ணெய்ப் பனை, அதாவது மலேசியத் தமிழர் செம்பனை என்று வழங்கும் மரம், ஒரே பழத்திலிருந்து இருவேறு எண்ணெய்களைத் தருகிறது. பழத்தின் சதையிலிருந்து செந்நிறப் பாமாயிலும், கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் பருப்பிலிருந்து வெளிர்மஞ்சள் நிறப் பருப்பு எண்ணெயும் கிடைக்கின்றன. வேதியியல் அடிப்படையில் பருப்பு எண்ணெய் பாமாயிலைவிடத் தேங்காய் எண்ணெய்க்கே நெருங்கிய உறவுடையது. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 48 விழுக்காடு லாரிக் அமிலமாக இருப்பதால், சோப்பு, மிட்டாய், பிஸ்கட் தொழில்களில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

செம்பனையின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில், பருப்பை வறுத்து, இடித்து, அரைத்து, நீருடன் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பது பெண்களின் நெடுங்காலக் கைத்தொழிலாக இருந்து வந்துள்ளது. எந்திரத்தால் பிழியும் தொழில் வேறிடத்தில் வளர்ந்தது. முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவின் பருப்பில் பெரும்பகுதி கப்பலேறி ஹாம்பர்க் போன்ற ஜெர்மன் நகரங்களின் ஆலைகளுக்கே சென்றது. இன்று நைஜீரியா, கானா போன்ற நாடுகளின் சிற்றாலைகளும், மலேசியா, இந்தோனேசியாவின் பேராலைகளும் பருப்பைத் தம் மண்ணிலேயே பிழிகின்றன. ஆலையின் அளவு எதுவாயினும், ஒரே வகைப் பருப்பிலிருந்து ஓர் ஆலை மிகுதியாகவும் மற்றோர் ஆலை குறைவாகவும் எண்ணெய் எடுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எந்திரத்தின் விலையில் இல்லை. அது இயக்கப்படும் நிலைகளில் இருக்கிறது. அந்த நிலைகளையும், அவை ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தையும் இந்த இயல் விளக்குகிறது.

பிழிதலின் உள்ளியக்கம்

காய்ந்த பருப்பின் எடையில் ஏறத்தாழ 45 முதல் 50 விழுக்காடு வரை எண்ணெய் உள்ளது. எஞ்சிய பகுதியில் மாவுப்பொருள், நார்ப்பொருள், புரதம், ஈரம், சாம்பற்சத்து ஆகியவை அடங்கும். எண்ணெய் பருப்பின் உயிரணுக்களுக்குள் நுண்துளிகளாகப் புரதப் படலத்தால் சூழப்பட்டுக் கிடப்பதால், அது வெளியேறுவதற்கு மூன்று தடைகள் நீங்க வேண்டும்: அணுச்சுவர் கிழிய வேண்டும், துளிகள் ஒன்றோடொன்று சேர வேண்டும், சேர்ந்த எண்ணெய் நசுங்கிய பருப்பின் நுண்ணிடைவெளிகள் வழியே ஓடி வெளிவர வேண்டும்.

இந்த வேலையைச் செய்யும் எந்திரம் எக்ஸ்பெல்லர் எனப்படும் திருகு அழுத்தி ஆகும். எஃகுப் பட்டைகளை மிகச் சிறிய இடைவெளிகளுடன் வரிசையாக அடுக்கி அமைத்த ஓர் உருளைக் கூண்டுக்குள் திருகுத் தண்டு சுழல்கிறது. அது பருப்பை முன்னோக்கித் தள்ளிச் செல்லும்போது, கூண்டுக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கொள்ளளவு படிப்படியாகக் குறைவதால் அழுத்தம் ஏறுகிறது. எண்ணெய் பட்டைகளின் இடைவெளி வழியே கீழே வடிய, சக்கை தண்டின் கடைசி முனையிலுள்ள கூம்புக்கும் வளையத்துக்கும் இடையிலான குறுகிய வாயின் வழியே புண்ணாக்காக வெளியேறுகிறது. அந்த வாயை அகலமாக்கவும் ஒடுக்கவும் முடியும் என்பதால், எந்திரத்தின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மைக் கருவியாக அது விளங்குகிறது.

எண்ணெய் வெளியேறும் வேகம் அழுத்தம் கூடினால் கூடும், எண்ணெயின் பிசுபிசுப்பு கூடினால் குறையும், சக்கையின் நுண்ணிடைவெளிகள் அடைபட்டாலும் குறையும். அழுத்தத்தை ஏற்றினால் எண்ணெயை உந்தும் விசை கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் அதே அழுத்தம் எண்ணெய் செல்ல வேண்டிய பாதைகளையும் நசுக்கி மூடுகிறது. ஆகையால் எந்த ஒரு நிலையையும் அதன் உச்சத்துக்குக் கொண்டுபோவதால் எண்ணெய் உச்சத்தைத் தொடுவதில்லை. ஈரம், வெப்பம், நேரம், அழுத்தம், வேகம் ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று இசையும் இடத்தையே ஆலைக்காரர் தேட வேண்டும்.

பருப்பைத் துப்புரவாக்குதலும் பொடித்தலும்

எந்திரத்தின் இயக்கம் பருப்பு கூண்டுக்குள் விழுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கொட்டையை உடைத்துப் பிரித்தெடுத்த பருப்பில் ஓட்டுத் துண்டுகளும் மண்ணும் சில வேளைகளில் இரும்புத் துணுக்குகளும் கலந்திருக்கும். ஓட்டுத் துண்டுகள் மிகக் கடினமானவை; அவற்றிலிருந்து எண்ணெய் கிடைப்பதில்லை என்பதோடு, அவை திருகையும் பட்டைகளையும் அரித்துத் தேய்க்கின்றன, பிழியப்பட்ட எண்ணெயில் ஒரு பங்கை உறிஞ்சிப் புண்ணாக்கோடு சேர்த்து வெளியே கொண்டுசெல்கின்றன. அதிரும் சல்லடையும் காந்தமும் பொருத்துவதற்கு ஆகும் செலவு, ஒரு திருகுத் தண்டைப் புதுப்பிக்கும் செலவோடு ஒப்பிடும்போது சிறிதே.

அடுத்து, பருப்பை உடைத்துச் சிறு துண்டுகளாக்க வேண்டும். சிற்றாலைகள் சம்மட்டி ஆலை எனப்படும் சுழல் சுத்தியல் எந்திரத்தால் உடைப்பதோடு நிறுத்திக்கொள்ள, பேராலைகள் உடைத்த பருப்பை உருளைகளுக்கிடையே நசுக்கி 0.25 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள அவல் போன்ற தகடுகளாக்குகின்றன. தகடு மெல்லியதாக இருந்தால் அணுச்சுவர்கள் மிகுதியாகக் கிழிகின்றன, வெப்பமும் ஈரமும் உட்புறம் வரை சீராகச் சென்று சேர்கின்றன. மாவாகவே அரைத்துவிட்டால் நுண்தூள் பட்டை இடைவெளிகளில் புகுந்து வடிகாலை அடைத்துவிடும், எண்ணெயோடு மிகுந்த கசடும் சேர்ந்து இறங்கும். முழுப் பருப்பாகவோ பெருந்துண்டாகவோ போட்டால் நடுப்பகுதியிலுள்ள எண்ணெய் அழுத்தத்துக்கு எட்டாமல் தங்கிவிடும்.

ஈரப்பதம்

இயக்க நிலைகளுள் ஆலைக்காரரின் கவனத்திலிருந்து எளிதில் தவறுவதும், தவறினால் பெரும் இழப்பைத் தருவதும் ஈரப்பதமே. பருப்பைச் சேமிக்கும்போது அதன் ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் பூஞ்சணம் பிடிப்பதும், கொழுப்பைப் பிளக்கும் நொதிகள் செயற்படுவதும், அதன் விளைவாகத் தனிக்கொழுப்பு அமிலம் பெருகுவதும் நேரும். பருப்பு எண்ணெயில் பிரிந்த லாரிக் அமிலம் சோப்புச் சுவையை உண்டாக்குவதால், உணவுத் தொழிலுக்குச் செல்லும் எண்ணெயில் இந்தக் குறை உடனே தெரிந்துவிடும்.

பிழியும் வேளைக்கு இன்னும் குறைந்த ஈரம் தேவை. வேகவைக்கும் அடுக்குக் கொப்பரை வசதியுள்ள ஆலைகளில் நசுக்கிய பருப்பின் ஈரத்தை ஏறத்தாழ 3 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்த பிறகே எக்ஸ்பெல்லருக்கு அனுப்புகின்றனர். ஈரம் மிகுந்திருந்தால் பருப்பு குழைந்து, திருகுக்கும் கூண்டுக்கும் இடையே வழுக்கிக்கொண்டே செல்லும். உராய்வு இல்லாததால் அழுத்தம் ஏறாது, புண்ணாக்கு மென்மையாகவும் எண்ணெய்ப் பசையோடும் வெளிவரும், எண்ணெயில் நீரும் சேறு போன்ற கசடும் கலக்கும். ஈரம் அளவுக்கு மீறிக் குறைந்தால் பருப்பு நொறுங்கித் தூளாகி, இறுகிய புண்ணாக்கு உருவாவதற்குத் தேவையான ஒட்டுந்தன்மையை இழக்கிறது; உராய்வு கூடி வெப்பம் எகிறும், மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும், எண்ணெய் கறுக்கும், சில வேளை புண்ணாக்கு வாயில் கல்லாக இறுகி எந்திரமே நின்றுபோகும். செக்கில் எள் ஆட்டுவோர் ஆட்டத்தின் நடுவே அளவறிந்து நீர் தெளிப்பது போல, இங்கும் எண்ணெயைப் பிரிப்பதில் ஈரத்தின் அளவே முடிவைத் தீர்மானிக்கிறது.

ஈரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. எடையிட்ட பொடித்த பருப்பை 105 பாகை செல்சியசில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, எடையில் ஏற்பட்ட குறைவை முதல் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஈர விழுக்காடு கிடைக்கும். இச்சோதனையை ஒவ்வொரு புதிய பருப்புக் குவியலுக்கும் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் வாங்கிய பருப்பும் வறட்சிக் காலத்தில் வாங்கிய பருப்பும் ஒரே அமைப்பில் ஒரே பலனைத் தருவதில்லை.

வெப்பமும் வேகும் நேரமும்

பிழிவதற்கு முன் பருப்பைச் சூடாக்குவதால் நான்கு பயன்கள் விளைகின்றன. ஈரம் வேண்டிய அளவுக்கு வருகிறது. உருளையில் தொடங்கிய அணுச்சுவர்ச் சிதைவு நிறைவடைகிறது. எண்ணெயின் பிசுபிசுப்பு குறைந்து ஓட்டம் எளிதாகிறது. எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்த புரதம் உறைந்து, துளிகள் ஒன்றுசேர வழிவிடுகிறது. பேராலைகளில் இதற்கென ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீராவிக் கொப்பரைகளில் பருப்பு மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கிக்கொண்டே 104 முதல் 110 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. சிற்றாலைகளில் நெருப்பின்மேல் சுழலும் உருளை வறுகலன் இந்த வேலையைச் செய்கிறது.

வெப்பத்தையும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வெப்பம் சரியாக இருந்தும் நேரம் போதாவிட்டால் துண்டின் வெளிப்புறம் மட்டும் பதமாகி உட்புறம் பச்சையாகவே நிற்கும். நேரமும் வெப்பமும் மிகுந்தால் சர்க்கரைப் பொருளும் புரதமும் வினைபுரிந்து பருப்பு கருகுகிறது. அவ்வாறு ஏறிய நிறத்தைப் பின்னர் வெளுக்கும் மண்ணால் நீக்குவது கடினம், புண்ணாக்கிலுள்ள புரதத்தைக் கால்நடைகள் செரிப்பதும் குறைகிறது. வறுகலனைப் பயன்படுத்துவோர் நெருப்பைக் கூட்டி நேரத்தைச் சுருக்க நினைப்பது இயல்பு. ஆனால் மிதமான சூட்டில், கலனை நிறுத்தாமல் சுழற்றி, சீராக வறுப்பதே கூடுதல் எண்ணெயையும் தெளிந்த நிறத்தையும் ஒருசேரத் தரும்.

கூண்டுக்குள் உராய்வினால் உண்டாகும் வெப்பமும் இதனோடு சேர்கிறது. ஆகவே எந்திரம் குளிர்ந்திருக்கும் காலையின் முதற்பகுதியில் எண்ணெய் குறைவாகவும், சூடேறிய பின் மிகுதியாகவும் கிடைப்பது இயற்கையே. முதலில் வாயை அகலத் திறந்துவைத்து, பழைய புண்ணாக்கையோ சிறிதளவு பருப்பையோ ஓட்டி எந்திரத்தைச் சூடாக்கிய பிறகு வாயைப் படிப்படியாக ஒடுக்குவது நல்ல நடைமுறை. இடையறாது ஓடும் பெரிய எந்திரங்களில் இதற்கு நேர்மாறான தேவை எழுவதால், தண்டின் உட்புறம் நீரைச் செலுத்திக் குளிரவைக்கும் அமைப்பும் உண்டு.

அழுத்தமும் வாயின் இடைவெளியும்

வாயை ஒடுக்கினால் கூண்டுக்குள் அழுத்தம் ஏறி, புண்ணாக்கு மெலிந்து இறுகி, அதில் தங்கும் எண்ணெய் குறையும். இந்தப் பலன் ஓர் எல்லை வரைக்கும்தான். எல்லையைக் கடந்தால் நுண்ணிடைவெளிகள் மூடிக்கொள்வதால் கூடுதலாகக் கிடைக்கும் எண்ணெய் மிகச் சிறிதாகிவிட, மின்செலவும் வெப்பமும் தேய்மானமும் மட்டும் தொடர்ந்து ஏறும். அழுத்தம் ஏறும் வேகமும் முக்கியமானது: திடீரென்று ஏறினால் கூண்டை ஒட்டிய பகுதி முதலில் இறுகி, உள்ளிருக்கும் எண்ணெயின் வழியை அடைத்துவிடும், படிப்படியாக ஏறினால் எண்ணெய் வடிந்து போவதற்கு நேரம் கிடைக்கும்.

மோட்டாரின் ஆம்பியர் அளவு அழுத்தத்தை மறைமுகமாகக் காட்டும். வாயை ஒருமுறைக்குச் சிறிதளவே ஒடுக்கி, ஆம்மீட்டர் முள் நிலைகொள்ளும்வரை காத்திருந்து, மோட்டார் தயாரிப்பாளர் குறித்த முழுச்சுமை அளவைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். ஒரே ஓட்டத்தில் முழு எண்ணெயையும் எடுத்துவிட முனைவதைவிட, முதல் ஓட்டத்தில் மிதமான அழுத்தத்தில் பெரும்பகுதியை எடுத்து, புண்ணாக்கை உடைத்து இரண்டாம் ஓட்டத்தில் கூடுதல் அழுத்தம் கொடுப்பது நிறத்துக்கும் எந்திரத்துக்கும் நல்லது. இருமுறை பிழிந்தாலும் புண்ணாக்கில் சில விழுக்காடு எண்ணெய் தங்கவே செய்யும். அதையும் எடுக்க வேண்டுமானால் ஹெக்சேன் போன்ற கரைப்பானைப் பயன்படுத்தும் வேறு வகை ஆலை தேவைப்படும்.

சுழல்வேகமும் இடும் அளவும்

தண்டு வேகமாகச் சுழன்றால் மணிக்குப் பிழியப்படும் பருப்பின் அளவு கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு துண்டும் கூண்டுக்குள் தங்கும் நேரம் குறைவதால் எண்ணெய் முழுதும் வடிவதற்குள் புண்ணாக்கு வெளியேறிவிடுகிறது. தண்டு மெதுவாகச் சுழன்றால் எண்ணெய் நன்கு வடிகிறது, ஆனால் நாளொன்றுக்கான அளவு சுருங்குகிறது. பருப்பு மலிந்து கிடக்கும் காலத்தில் வேகத்தைச் சற்றே கூட்டுவதும், பருப்பு விலை ஏறியிருக்கும் காலத்தில் வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு கிலோவிலிருந்தும் கூடுதல் எண்ணெய் எடுப்பதும் கணக்கறிந்த முடிவுகள்.

இடும் அளவு சீராக இருப்பது வேகத்தைவிட இன்றியமையாதது. குறைவாக இட்டால் திருகின் இடைகள் நிரம்பாமல் அழுத்தம் விழும்; மிகுதியாக இட்டால் நுழைவாயில் திணறி, பருப்பு திருகோடு சேர்ந்தே சுழலும். கையால் கூடை கூடையாகக் கொட்டுவதைக் கைவிட்டு, சீரான அளவில் இறங்கும் ஒரு சிறு திருகு ஊட்டியைப் பொருத்தினால், வாயின் அமைப்பை அடிக்கடி மாற்ற வேண்டிய தேவை பெரிதும் குறையும். வடிகட்டியில் சேரும் கசடை மீண்டும் பருப்போடு கலந்து பிழிவது வழக்கம். அதையும் சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும், ஒரேயடியாகக் கொட்டினால் எந்திரம் வழுக்கும்.

தேய்மானம்

அழுத்தம் மிகுந்த கடைசிப் பகுதியிலுள்ள திருகுத் துண்டுகளே முதலில் தேய்கின்றன. தேய்ந்த திருகுக்கும் கூண்டுக்கும் இடைவெளி கூடும்போது, பருப்பின் ஒரு பகுதி முன்னே செல்லாமல் பின்னே வழிகிறது. வாயை ஒடுக்கியும் ஆம்பியர் ஏறாமை, பட்டைகளின் வழியே பருப்புத் தூள் மிகுதியாகக் கொட்டுதல், புண்ணாக்கின் எண்ணெய் வாரந்தோறும் மெல்ல ஏறுதல் ஆகிய மூன்றும் தேய்மானத்தின் அடையாளங்கள். ஓடிய மணிநேரத்தைப் பதிவேட்டில் குறித்துவைத்து, தேய்ந்த முனைகளைக் கடினப் பூச்சு வெல்டிங்கால் உரிய காலத்தில் நிரப்பிக்கொள்வது, தேய்ந்த எந்திரத்தில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கூட்டிச் சமாளிப்பதைவிடச் சிக்கனமானது.

எதை அளப்பது

பீப்பாயில் சேரும் எண்ணெயின் அளவு பருப்பின் தரத்தோடு சேர்ந்து மாறுவதால், அதை மட்டும் வைத்து எந்திரத்தின் திறனை மதிப்பிட இயலாது. புண்ணாக்கில் தங்கிய எண்ணெயின் விழுக்காடே நம்பத்தக்க அளவுகோல். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதை விளக்கும். 100 கிலோ பருப்பில் 48 கிலோ எண்ணெயும் 6 கிலோ ஈரமும் 46 கிலோ பிற திடப்பொருளும் இருப்பதாகக் கொள்வோம். புண்ணாக்கில் 8 விழுக்காடு எண்ணெயும் 4 விழுக்காடு ஈரமும் இருந்தால், திடப்பொருள் அதில் 88 விழுக்காடு ஆகிறது. ஆகவே புண்ணாக்கின் எடை 46-ஐ 0.88-ஆல் வகுக்கக் கிடைக்கும் 52.3 கிலோ, அதில் தங்கிய எண்ணெய் 4.2 கிலோ, கைக்கு வந்தது 43.8 கிலோ. ஈரம் மாறாமல் புண்ணாக்கின் எண்ணெய் மட்டும் 12 விழுக்காடாக ஏறினால், புண்ணாக்கின் எடை 54.8 கிலோ, தங்கிய எண்ணெய் 6.6 கிலோ, கைக்கு வந்தது 41.4 கிலோ. நாளொன்றுக்கு 10 டன் பருப்பு பிழியும் ஆலையில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 240 கிலோ எண்ணெய். புண்ணாக்கைக் கண்ணால் பார்த்து இந்த இழப்பை அறிய முடியாது. வாரம் ஒருமுறையாவது மாதிரி எடுத்து, கரைப்பானால் எண்ணெயைப் பிரித்து எடையிடும் சாக்ஸ்லெட் முறையில் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சீரமைக்கும் ஒழுங்கு

எண்ணெய் குறைந்தவுடன் வாயை ஒடுக்குவதே பெரும்பாலோர் முதலில் செய்வது. கீழ்க்காணும் வரிசை அதைவிடப் பயன் தரும்.

1. பருப்பின் ஈரத்தையும் அதில் கலந்த ஓட்டின் அளவையும் முதலில் சோதிக்க வேண்டும்.

2. பொடியின் பருமனையும், வேகும் அல்லது வறுக்கும் சூட்டையும் நேரத்தையும் அடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

3. பருப்பு இறங்கும் அளவு சீராக உள்ளதா என்று பார்த்து, எந்திரம் முழுச்சூடு அடையும்வரை பொறுக்க வேண்டும்.

4. இவை சரியாக இருந்தால் மட்டும் வாயின் இடைவெளியையும், அதன்பின் சுழல்வேகத்தையும் மாற்ற வேண்டும்.

5. ஒரு நேரத்தில் ஒரு நிலையை மட்டும் மாற்றி, எந்திரம் நிலைகொண்ட பின் புண்ணாக்கு மாதிரி எடுத்து, மாற்றத்தையும் முடிவையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

6. எதற்கும் பலன் இல்லையெனில் எந்திரத்தைப் பிரித்துத் திருகின் தேய்மானத்தை அளக்க வேண்டும்.

நிறுத்தும்போது வாயை முழுதும் திறந்து, கூண்டுக்குள் இருப்பதை ஓட்டி வெளியேற்றிவிட வேண்டும். உள்ளே விட்ட புண்ணாக்கு ஆறியதும் இறுகி, மறுநாள் தண்டையோ கியர்பாக்சையோ உடைக்கக்கூடும். ஓடும் எந்திரத்தின் நுழைவாயிலில் கையையோ கம்பியையோ விட்டு அடைப்பை நீக்குவது எந்நிலையிலும் கூடாது.

பிழிந்த எண்ணெயைச் சூடு ஆறுவதற்குள் வடிகட்டிவிடுவது நல்லது. பருப்பு எண்ணெய் 25 முதல் 28 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகுவதால், குளிர்ந்தால் கெட்டியாகி வடிதுணியை அடைத்துவிடும். நீரும் கசடும் நீங்காத எண்ணெயில் தனிக்கொழுப்பு அமிலம் தொடர்ந்து ஏறும் என்பதால், இயக்க நிலைகளில் பெற்ற ஆதாயத்தை வடிகட்டும் கட்டத்தில் இழந்துவிடக் கூடாது.

மேலே சொன்னவற்றுள் எந்த எண்ணும் எல்லா ஆலைக்கும் பொதுவான கட்டளை அன்று. எந்திரத்தின் அமைப்பும் பருப்பின் வகையும் மாறினால் உகந்த நிலையும் மாறும். ஆதலால், தம் எந்திரத்துக்கும் தம் பருப்புக்கும் பொருந்தும் நிலைகளை ஒவ்வோர் ஆலைக்காரரும் அளந்து, எழுதிவைத்து, ஒவ்வொன்றாக மாற்றிக் கண்டறிய வேண்டும். ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஓர் ஆம்மீட்டர், ஒரு பதிவேடு ஆகிய நான்கும் இல்லாத ஆலை, புதிய எக்ஸ்பெல்லர் வாங்கும் எண்ணத்தை ஒத்திவைத்து முதலில் அவற்றை வாங்கிக்கொள்வதே அறிவுடைமை.